அழகம்மாளுக்குப் பாட்டென்றால் ஆசை

திருச்சுழியில் பேருந்தை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குத்தான் வழி கேட்பார்கள். ஒன்று, சுந்தரர் பாடிய பூமிநாதர் கோயில். இன்னொன்று, கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30ஆம் தேதி, திருவாதிரைத் திருநாளை ஒட்டிய இரவில், ரமண மகரிஷி பிறந்த வீடு அது. அவருடைய தகப்பனார் சுந்தரமய்யரின் பேரால் அதற்குச் சுந்தர மந்திரம் என்று பெயர். பிள்ளையின் பேரை உலகமே அறியும். தகப்பனாரின் பேர் வீட்டு வாசலில் இருக்கிறது. நான்கு பிள்ளைகளை அந்தக் குடும்பத்துக்குப் பெற்றுக் கொடுத்த அழகம்மாளின் பேரை யாரும் தேடிக்கொண்டு வருவதில்லை.

அழகம்மாளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மகனின் வரலாற்றில் அங்கங்கே வருகிற செய்திகள்தான். மகன் வீட்டை விட்டுப் போனபோது அழுதார், தேடிப் போய்க் கூப்பிட்டார், முதுமையில் மலையேறி வந்து கூடவே இருந்தார், மகனின் கையணைப்பில் உயிர் விட்டார். புண்ணியவதி என்ற சொல்லோடு முடித்துவிடுவார்கள். அந்தச் செய்திகளுக்கு நடுவே மகனே சொன்ன ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. அம்மாவுக்குப் பாட்டு என்றால் ரொம்ப ஆசை, அதனால்தான் அவருக்காக ஒரு பாட்டுக் கட்டினேன் என்று பின்னாளில் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆசிரமத்திலிருந்து சூரி நாகம்மா எழுதிய கடிதங்களில் அது பதிவாகியிருக்கிறது. எனக்கு அழகம்மாள் அந்த இடத்தில்தான் ஆளாகத் தெரியத் தொடங்கினார். அதுவரை அவர் ஒருவருடைய தாயார். அதற்குப் பிறகு பாட்டு ஆசை உள்ள ஒரு பெண்.

சுந்தரமய்யர் பட்டம் வாங்காத வக்கீல். திருச்சுழியிலும் சுற்றுப்பட்டிகளிலும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. வழக்கென்றும் வியாச்சியமென்றும் வருகிறவர்கள், ஊருக்குப் புதிதாக வருகிற உத்தியோகஸ்தர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் என்று எப்போதும் ஆள் வந்துபோய்க்கொண்டிருந்த வீடு. வருகிறவர்களுக்கு இலை போட்ட கை அழகம்மாளுடையது. நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம், அலமேலு என்று நான்கு குழந்தைகள். அவர்களில் வேங்கடராமன்தான் பிற்பாடு ரமணர். அந்தப் பையனுக்குக் குண்டாற்று மணலும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தன, விளையாடினான், நீந்தினான். அவன் அம்மாவுக்கு அடுப்படியும் கிணற்றடியும் கோயிலும்தான் எல்லை. 1880களில் ஒரு பிராமண வீட்டுப் பெண்ணுக்கு வெளி என்பது அவ்வளவுதான்.

அடுப்படியில் பாட்டு இருந்தது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்து வீட்டை நாம் விளங்கிக்கொள்ள முடியாது. அந்த வீடுகளில் பெண்கள் பாடிய தமிழ்ப் பாட்டுகள் தனி வகை. தாலாட்டும் நலங்கும் ஊஞ்சலும் எல்லோருக்கும் தெரியும். அவற்றோடு வேதாந்தப் பாட்டுகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. சமையல் பண்டத்தையோ வீட்டு வேலையையோ எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் அங்கத்துக்கும் ஞானப் பொருள் ஏற்றிச் சொல்கிற பாட்டுகள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியிடமிருந்து பேத்தி காதால் வாங்கிக்கொள்வாள். உபநிடதத்தைத் தொட உரிமையில்லை என்று சொல்லப்பட்ட பெண்கள், அதன் சாரத்தை அரிசி களையும்போதும் மாவு இடிக்கும்போதும் பாடிக்கொண்டிருந்தார்கள். அழகம்மாள் இந்தப் பாட்டுகளை நிறையத் தெரிந்து வைத்திருந்தார். மகனே அப்படித்தான் சொல்கிறார்.

1892இல் சுந்தரமய்யர் இறந்தார். மூத்த பையன்கள் இருவரும் மதுரைக்குச் சித்தப்பா சுப்பய்யர் வீட்டுக்குப் போனார்கள். கடைக்குட்டிகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு அழகம்மாள் மானாமதுரையில் இன்னொரு மைத்துனர் நெல்லையப்பய்யர் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. சொந்த வீட்டில் பத்துப் பேருக்குப் பரிமாறிய பெண் இன்னொருவர் வீட்டு உலையை நம்பி இருப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த வரலாறும் எழுதவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயது வேங்கடராமன் மதுரையிலிருந்து ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பி செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். 1898 கடைசியில் இருக்குமிடம் தெரிந்து, அழகம்மாள் மூத்த மகனோடு திருவண்ணாமலைப் பவழக்குன்றுக்குப் போனார். பலகாரம் செய்துகொண்டு போய்க் கொடுத்தார், அழுதார், திட்டினார். மௌனத்தில் இருந்த பிள்ளை கடைசியில் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் காட்டிற்று. விதிப்படிதான் நடக்கும், மௌனமே நல்லது என்பதுதான் அதன் சாரம். அதைப் படிக்கிற பக்தர்கள் உபதேசத்தைப் பார்க்கிறார்கள். என் கண்ணுக்கு, சட்டியும் தூக்குமாகப் பாறைமேல் நிற்கிற அந்த அம்மாதான் முதலில் தெரிகிறார். 1900இல் மூத்த மகனும் இறந்துபோனார்.

அந்தக் காலத்து விதவைக்கு வீட்டை விட்டு வெளியே போகக் கிடைத்த ஒரே அனுமதி யாத்திரை. அழகம்மாள் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. காசிக்குப் போனார். திருப்பதிக்குப் போனார். திருவண்ணாமலைக்குத் திரும்பத் திரும்ப வந்தார். 1914இல் திருப்பதி போய்விட்டு வருகிற வழியில் மகனிடம் தங்கியபோது கடுங்காய்ச்சலில் வாரக்கணக்காகப் படுத்திருக்கிறார். யாருக்காகவும் எதையும் வேண்டிக்கொள்ளாத மகன், அம்மா பிழைக்க வேண்டும் என்று அருணாசலத்தை நோக்கி நான்கு வெண்பா பாடினார். அழகம்மாள் பிழைத்து ஊருக்குப் போனார். பிறகு மைத்துனர் காலமானார்; மானாமதுரையில் ஆதரவு குறைந்தது. 1916 வாக்கில் மகனிடமே வந்துவிட்டார்.

மகன் இருந்த அருணாசல மலையில் பெண்கள் தங்கக்கூடாது என்று அங்கிருந்த சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது. ஒரு பெண்ணை விட்டால் மற்றப் பெண்களும் கேட்பார்கள் என்பது அவர்கள் கவலை. மகன் தாயின் பக்கம் நின்றார். அதன்பின் அழகம்மாள் மலைவாசி. முதலில் விருபாக்ஷ குகை, 1916 முதல் அதற்கு மேலே கந்தாசிரமம். வெயில் காலத்தில் விருபாக்ஷ குகைப் பக்கம் தண்ணீர் கிடையாது. கந்தாசிரமத்தில் வருஷம் முழுக்கச் சுனை ஓடும். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகுமா என்று வானத்தைப் பார்த்தே வாழ்ந்த திருச்சுழிச் சீமைப் பெண்ணுக்கு, வாசலிலேயே வற்றாத தண்ணீர். குரங்கும் மயிலும் வந்துபோகிற முற்றம். சூரிய உதயத்துக்கு எதிரே கோயில் கோபுரங்கள் கீழே கிடக்கும். முதுமையில் அவருக்கு வாய்த்த வெளி அது. மகனை விட்டுப் பிரிய மனமில்லாமல் வந்தார் என்று எழுதுவார்கள். உண்மைதான். அந்த மலைக்காற்றும் சேர்ந்துதான் அவரை இருத்தியது என்று நான் நம்புகிறேன். திரும்பி வர வேண்டும் என்று அவர் கேட்டதாக எங்கும் இல்லை.

இனி அந்தப் பாட்டு.

விருபாக்ஷ குகையில் இருந்தபோது, 1914க்கும் 1916க்கும் இடையில் நடந்தது. அங்கே அடுப்புக் கிடையாது. கிடைத்த பிட்சையைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அழகம்மாளுக்கு மகனுக்கு அப்பளம் செய்து போட ஆசை வந்துவிட்டது. ஊருக்குள் போய், தெரிந்த வீடுகளில் உளுந்தும் மற்றதும் சேகரித்துக்கொண்டு வந்தார். பலகை, குழவி எல்லாம் வந்தன. இரவில் எல்லோரும் படுத்த பிறகு மகனைக் கூப்பிட்டு, கொஞ்சம் கை கொடேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபிறகு இதெல்லாம் எதற்கு, கிடைத்ததைச் சாப்பிட்டால் போதாதா என்று மகன் மறுத்தார். அம்மா விடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். சரி, நீங்கள் அந்த அப்பளத்தைச் செய்யுங்கள், நான் வேறே அப்பளம் செய்கிறேன் என்று மகன் பாட்டுக் கட்ட உட்கார்ந்தார். சமையல் பண்டங்களின் பேரில் அம்மா பாடுகிற பாட்டுகள் பல அவருக்குத் தெரியும். அப்பளத்துக்கு யாரும் பாட்டுக் கட்டினதாகத் தெரியவில்லை. இதையும் கற்றுக்கொண்டு பாடட்டும் என்று கட்டியிருக்கிறார். அம்மா அப்பளம் இட்டு முடிக்கும்போது மகனின் பாட்டும் முடிந்துவிட்டது. அதுதான் அப்பளப் பாட்டு.

பாட்டின் பொருளை விளக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதன் செய்முறையை யாரும் கவனிப்பதில்லை. செய்முறை தெரிந்தவர் காதில்தான் அது முழுசாக விழும்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடி போகிற வழியில் என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். புஞ்சைக்காட்டு உளுந்து தை மாசியில் களத்துக்கு வந்தால், பங்குனி வெயிலில் அவள் வீட்டில் அப்பளம் இடுவார்கள். உளுந்தம்பருப்பைத் திரிகையில் போட்டுத் திரித்து, மெல்லிய சல்லடையில் சலிப்பார்கள். வேலியோரத்தில் கள்ளிமேல் படர்ந்திருக்கிற பிரண்டையில் இளங்கொடியாகப் பார்த்து ஒடித்து வருவது பிள்ளைகள் வேலை. கணுவைக் கழித்து நசுக்கிச் சாறு பிழிவார்கள். "கையில எண்ணெயத் தொட்டுக்க தாயி, இல்லாட்டி நமநமன்னு அரிக்கும்" என்று பெரியம்மா முதலிலேயே சொல்லிவிடுவாள். அந்தச் சாற்றோடு உப்பும் பெருங்காயமும் கரைத்து, சீரகமும் மிளகும் பொடித்துப் போட்டு, மாவைக் கெட்டியாகப் பிசைவார்கள். பிறகுதான் உரல். எண்ணெய் தொட்டுத் தொட்டு உலக்கையால் இடிக்க இடிக்க மாவின் நிறம் வெளுத்துவரும். பிடித்து இழுத்தால் அறாமல் நீளும். அந்தப் பதம் வருகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இறுகிவிடும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றுலக்கை போடுவார்கள். ஒருத்தி உலக்கை ஏறும்போது இன்னொருத்தி உலக்கை இறங்க வேண்டும். தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும்.

அதற்குத்தான் பாட்டு. "பேசிக்கிட்டே இடிச்சா கை நின்னு போகும். பாடிக்கிட்டு இடிச்சாத்தான் மாவு பதத்துக்கு வரும்" என்பாள் பெரியம்மா. உலக்கை இறங்குகிற இடத்தில் பாட்டின் அழுத்தம் விழும். உலக்கை ஏறுகிற நேரம் மூச்சு வாங்குகிற நேரம். அலுப்பைப் போக்கப் பாடினார்கள் என்று பாடப்புத்தகத்தில் எழுதுவதில் பாதிதான் உண்மை. பாட்டு அங்கே வேலையின் ஒரு கருவி. உலக்கை எப்படியோ அப்படி.

இப்போது அப்பளப் பாட்டைப் பார்த்தால், ரமணர் அந்த வேலையின் ஒரு படியைக்கூட விடவில்லை. ஐந்து கோசமாகிய உடம்பு என்னும் வயலில் விளைந்த நான் என்கிற உளுந்து. அதை நான் யார் என்னும் விசாரணைத் திரிகையில் உடைத்துப் பொடியாக்க வேண்டும். சத்சங்கம்தான் பிரண்டைச் சாறு. மன அடக்கம் சீரகம், புலனடக்கம் மிளகு, ஆசை ஒழிவது உப்பு, நல்ல வாசனை பெருங்காயம். பிறகு இடிப்பது, பலகையில் இட்டுக் குழவியால் வட்டமாக்குவது, கடைசியில் மௌனம் என்னும் சட்டியில், பிரம்மம் என்னும் நெய்யில், ஞானத்தீயில் பொரிப்பது. இந்த வரிசை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட வரிசை அல்ல. திருச்சுழி வீட்டில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையனுக்குத்தான் பிரண்டைச் சாறு எப்போது சேரும் என்று தெரியும். வேலிப் பிரண்டை இல்லாமல் அப்பளம் பொரியாது என்பது வறண்ட காட்டு அறிவு. அந்த அறிவை வேதாந்தத்துக்குள் கொண்டுபோனவர் அழகம்மாள் வளர்த்த பிள்ளை.

இன்னொன்றும் உண்டு. சமையலறைப் பொருளில் ஞானத்தை வைத்துப் பாடுகிற அந்த வகை ரமணர் கண்டுபிடித்தது அல்ல. அம்மா பாடிய வகை அது. அவர் சேர்த்தது புதிய பண்டமும் தம் விசாரமும். அச்சுக்கு வரும்போது பாட்டு ரமணர் நூல் திரட்டில் சேர்ந்துவிட்டது. அம்மா பாடிய மற்றப் பாட்டுகள், எந்த அச்சில் இதை வார்த்தாரோ அந்தப் பாட்டுகள், காற்றோடு போயின. மகன் எழுதியதால் ஒன்று நின்றது. எழுதாமல் பாடியவை நிற்கவில்லை.

தமிழ் இலக்கியத்தில் இது திருச்சுழியோடு முடிகிற கதை அல்ல. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் பெண்களின் வேலையும் விளையாட்டும் எத்தனை வடிவங்களாக வந்திருக்கின்றன என்று பாருங்கள். சுண்ணம் இடிக்கிற பெண்கள் பாட்டு திருப்பொற்சுண்ணம் ஆயிற்று. பூக் கொய்கிறவர்கள் பாட்டு திருப்பூவல்லி. அம்மானை, சாழல், தெள்ளேணம், தோணோக்கம், உந்தி, ஊஞ்சல் எல்லாம் பெண்கள் வாயில் இருந்தவை. திருவாதவூரில் பிறந்தவருக்கு வைகைக் கரையில் எந்த வீட்டுப் பெண்கள் அவற்றைப் பாடிக் காட்டினார்கள்? நம்மிடம் பெயர் கிடையாது. ஆயிரம் வருஷத்துக்குப் பின் எட்டயபுரத்துக்காரர் பாரதியார் குயில் பாட்டில், குயிலின் வாயாகவே, ஏற்றப் பாட்டிலும் நெல் இடிக்கிற பெண்கள் பாட்டிலும் சுண்ணம் இடிப்பவர் பண்ணிலும் கும்மியிலும் நெஞ்சைப் பறிகொடுத்ததாகப் பாடுகிறார். பெண் விடுதலைக்கு அவர் பாட வந்தபோதும் கும்மி மெட்டையே எடுத்தார். பறிகொடுத்தேன் என்று சொல்லும் மனசு பெரிய மனசு. வாங்கிக்கொண்டதை ஒப்புக்கொள்கிற நேர்மை அதில் இருக்கிறது. ரமணர் அம்மாவின் ஆசையைச் சொன்னதும் அதே நேர்மைதான்.

அழகம்மாளுக்கு ஒரு வகையில் வாய்ப்பு இருந்தது. வேதாந்தம் தெரிந்த பிள்ளை பிறந்து, அவருடைய ஆசையைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அதே திருச்சுழி வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே இல்லாத பெண்கள் ஆயிரக்கணக்கில் கரிசல் காட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் கஞ்சித்தூக்கோடு கிளம்பி, பொழுது சாய்ந்து திரும்புகிற பெண்கள். கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் அவர்கள் கையால் விளைந்தன. வெளி அவர்களுக்கு ஆசையாக இல்லை, பிழைப்பாக இருந்தது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு இரண்டு வகைப் பாட்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயம் ஆகாது. ஒருத்திக்கு வெளியே வர விதவையாக வேண்டியிருந்தது. இன்னொருத்திக்கு வெயிலை விட்டு நிழலுக்கு வர ஒருநாள்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் காட்டில் வேலை செய்கிற பெண்களுக்கு அந்த வெளிமேல் பிரியமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மழை பெய்து மூன்றாம் நாள் கரிசல் மண் கிளப்புகிற வாசத்தைப் பற்றி என் பெரியம்மா பேசும்போது அவள் குரலே மாறிவிடும். மூன்றாம் களையெடுப்பில் பெண்கள் வரிசை பிடித்துக் குனிந்து போகும்போது, பாட்டை எடுக்கிறவள் எப்போதும் நடுவில் இருப்பாள். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பதற்காக. முதல் அடியை அவள் விட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நல்ல பாட்டுக்காரிக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அவளை அடுத்த காட்டுக்காரர் முந்திக்கொண்டு கூப்பிடுவார். "பாட்டுக்காரி வந்தா நெறைய நெற ஏறும்" என்பது கணக்குத் தெரிந்தவர்களின் பேச்சு. பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டால் இரவெல்லாம் கும்மி. பிள்ளை பிறந்தால் தாலாட்டு, யாராவது இறந்தால் ஒப்பாரி. ஒரே தொண்டை இத்தனைக்கும் பாடியிருக்கிறது. கச்சேரி மேடை ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இவ்வளவு வகை தெரியும்?

இந்தச் சீமைக்கு வடகிழக்கே, சிவகங்கைப் பக்கத்து வறண்ட காட்டில், காளையார்கோயிலுக்கு அருகே கொல்லங்குடி இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத கருப்பாயி அந்த ஊர்க்காரர். காட்டு வேலையில் பாடிப் பழகிய குரல் வானொலிக்குப் போனது. 1985இல் ஆண்பாவம் படத்தில் பாட்டியாக வந்து தமிழ்நாடு முழுக்க அறிமுகமானார். கொல்லங்குடி கருப்பாயி என்று ஊர்ப்பேரோடு அழைக்கப்பட்டு, 2025 ஜூனில் தம் 99ஆம் வயதில் காலமானார். மதுரைக்குப் பக்கத்துப் பரவையில் இன்னொரு பாட்டுக்காரி, முனியம்மா. 2003இல் தூள் படம் வந்தபோது அவர் முதுமையை எட்டியிருந்தார், 2020இல் போய்விட்டார். இருவருமே முதுமையில்தான் பேர் வாங்கினார்கள். பாட்டு அவர்களிடம் இளம்வயதிலேயே இருந்தது. பேர்தான் தாமதமாக வந்தது. வந்த பிறகும் வறுமை முழுசாக விட்டுவிடவில்லை. மாற்றுத்திறனாளி மகனை யார் பார்த்துக்கொள்வார் என்ற கவலையோடுதான் முனியம்மா கடைசிவரை இருந்தார். பாடகி என்று ஊர் கொண்டாடிய பிறகும் அவர் முதலில் தாயாகவே கவலைப்பட்டார்.

கொல்லங்குடியும் பரவையும் பேர் பெற்ற அளவுக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துப் பாட்டுக்காரிகள் யாரும் பேர் பெறவில்லை. பாட்டுக்காரிகள் இல்லாமல் இல்லை. வானொலியும் சினிமாவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்று பாட்டு குறைந்துவருவதற்கும் காரணங்கள் கண்முன்னே கிடக்கின்றன. பருத்தியும் கம்பும் போட்ட புஞ்சைகளில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. கருவேலங்காட்டில் வரிசை பிடித்துச் செய்கிற வேலை எதுவும் இல்லை. இளம்பெண்கள் மில்லுக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளில் கைத்தறி இருந்தவரை, ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே பெண்கள் பாடுவார்கள். தறியடிக்கும் சத்தத்துக்கு ஒரு நடை உண்டு, பாட்டு அதோடு ஒத்துப்போகும். விசைத்தறி வந்தபின் அந்தத் தெருக்களில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது. உரலும் திரிகையும் கிரைண்டருக்கு வழிவிட்டன. வேலை போனால் அந்த வேலையின் பாட்டும் போகும். வேலையே இல்லாத இடத்தில் பாட்டை மட்டும் காப்பாற்றி வைக்க முடியாது. கிரைண்டர் வந்ததற்காக எந்தப் பெண்ணும் வருத்தப்பட மாட்டாள், வருத்தப்படவும் தேவையில்லை. மாற்றுலக்கை போட்ட தோள்வலி அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒப்பாரி மட்டும் இன்னும் இருக்கிறது. சாவு இன்னும் மனுஷக் கையால் செய்கிற வேலையாகவே இருப்பது காரணமாக இருக்கலாம். நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் கூடுகிற வயசான பெண்களிடம் கேட்டால், சில அடிகள் வரும், பிறகு நின்றுவிடும். "எங்கம்மா முழுசாப் படிப்பா. எனக்கு இம்புட்டுத்தான் தெரியும் தம்பி" என்பார்கள். பாட்டுப் பாடுவதைப் படிப்பது என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கு. அந்த அடிகளை ஒருவர் செல்போனில் பதிவு செய்துகொண்டால் போதும். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பதிவு செய்கிறவர் அடுத்ததாகச் செய்ய வேண்டியது, பாடியவரின் பேரைக் கேட்டு எழுதிக்கொள்வது.

1922 மே 19 அன்று இரவு, கந்தாசிரமத்தில் அழகம்மாளின் மூச்சு அடங்கியது. காலை முதல் மகன் ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் சமாதி வைத்தார்கள். சில மாதங்களில் மகனும் மலையை விட்டு இறங்கி அந்தச் சமாதிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். இன்று உலகம் வந்துபோகிற ரமணாசிரமம் அப்படி அந்த அம்மாளைச் சுற்றி வளர்ந்தது. 1949 மார்ச் 17 அன்று சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கருங்கல் கோயில் தாயின் பேரால் நிற்கிறது. அங்கேயும் அவர் தாய்தான். பாடுகிறவர் என்பதற்கு ஒரு கல் இல்லை.

நா. வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப் பாடல்கள் தொகுப்பை வெளியிட்டபோது நல்ல வழக்கம் ஒன்றைக் கடைப்பிடித்தார். பல பாட்டுகளின் அடியில், பாடிக் கொடுத்து உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த ஊர் என்று குறித்திருப்பார். பாட்டு ஆகாயத்திலிருந்து விழவில்லை, இன்ன ஊரில் இன்னாருடைய தொண்டையிலிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி. அப்பளப் பாட்டை இனி அச்சிடுகிறவர்கள் அதன் அடியிலும் அப்படி ஒன்று சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பாட்டை இயற்றியவர் ரமணர். உதவியவர்: அழகம்மாள், திருச்சுழி.